பழைய ஆங்கில நாவல்களில் வரும் பெண்களுக்குக் கல்யாணப் பேச்சைத் தவிர வேறு வேலையே இல்லையா?

இல்லை. நிஜமாகவே வேறு வேலை இல்லை. நீங்கள் அலுப்பில் கேட்டிருப்பீர்கள். ஆனால் ‘வேலை’ என்ற சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் பாதிப் பதில் கேள்வியிலேயே வந்துவிட்டது.

கல்லூரியில் எங்களுக்கு ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) பாடம். எலிசபெத்தும் டார்சியும் முட்டிக்கொண்டு கடைசியில் சேர்கிற காதல் கதை என்று படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் போனேன். பல வருஷம் கழித்துக் கையில் பென்சிலோடு மறுபடி எடுத்தேன். பணத் தொகை வருகிற இடத்திலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனேன். பக்கத்துக்குப் பக்கம் கோடு விழுந்தது.

அந்தக் கணக்கு இதுதான். எலிசபெத் பிறந்த பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு, வசதியான வாழ்க்கை. ஆனால் நிலம், ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டிவைத்த சொத்து. பிறந்த ஐந்தும் பெண்கள். அப்பா கண்ணை மூடினால் வீடு உட்பட எல்லாம் காலின்ஸ் என்ற உறவுக்காரருக்கு. பெண்களுக்கு மிஞ்சுவது ஆளுக்கு 1,000 பவுண்டு, அதுவும் அம்மாவின் காலத்துக்குப் பிறகு. நான்கு சதவீத வட்டியில் வருஷத்துக்கு 40 பவுண்டு. எலிசபெத்தைப் பெண் கேட்கும்போது காலின்ஸ் இந்த விவரத்தை அவளிடமே சொல்லிக் காட்டுவார். உன்னிடம் இருப்பது இவ்வளவுதான், உனக்கு வேறு வரன் வரும் என்பது நிச்சயமில்லை என்று. காதலைச் சொல்ல வந்த இடத்தில்!

சம்பாதிக்கலாமே என்றால், படித்த பெண்ணுக்குக் கௌரவம் கெடாமல் இருந்த வழி பள்ளியில் டீச்சர் வேலை அல்லது பணக்கார வீட்டில் கவர்னஸ் வேலை (அங்கேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது), ஏறக்குறைய அவ்வளவுதான். ஷார்லட் பிரான்டியின் ‘ஜேன் ஐர்’ (1847) நாவலில் கதாநாயகி ஜேனுக்குப் பள்ளியில் வருஷச் சம்பளம் 15 பவுண்டு, கவர்னஸாகப் போனதும் 30. அந்த வீட்டில் அவள் வேலைக்காரர்களோடும் சேர்த்தியில்லை, விருந்தாளிகளோடும் சேர்த்தியில்லை.

இந்தக் கணக்கு புரிந்த பிறகு என்னால் மிஸஸ் பென்னட்டைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. ‘என் நரம்பு தாங்காது’ என்று புலம்பும் அந்த அம்மாள்தான் அந்த வீட்டில் நாளைய சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆள். நாம் ரசிக்கும் புத்திசாலி அப்பா, எப்படியும் ஒரு பையன் பிறப்பான் என்று நம்பி ஒரு காசு சேர்த்துவைக்கவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் ஷார்லட் லூகாஸ். எலிசபெத்தின் தோழி, வயது 27, அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கையிலும் பணமில்லை. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அதே காலின்ஸை இரண்டு மூன்று நாளுக்குள் ஏற்றுக்கொள்கிறாள். அவர் அசடு என்று அவளுக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்ததும் லூகாஸ் வீட்டில் நடப்பதை ஆஸ்டின் போகிறபோக்கில் எழுதுவார்: மிஸ்டர் பென்னட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று ஷார்லட்டின் அம்மா கணக்குப் போடுகிறாள், அக்கா கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற பயம் தம்பிகளுக்குத் தீர்கிறது. அந்தத் தம்பிகள் வரியில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை. அவள் யார் தயவில் காலம் தள்ள வேண்டியிருந்திருக்கும் என்பது அதில் இருக்கிறது.

பிறகு எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகிறாள். தான் வழக்கமாக உட்கார ஷார்லட் தேர்ந்தெடுத்திருப்பது பின்கட்டு அறை. அதைவிட நல்ல சாப்பாட்டு அறை இருக்க, ஏன் இது? அந்த நல்ல அறையில் உட்கார்ந்தால் காலின்ஸ் அடிக்கடி வந்துவிடுவார், அதனால்தான். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை முடிந்தவரை வெளியே அனுப்பியும் வைக்கிறாள். புருஷன் இல்லாத நேரங்களைச் சேர்த்துச் சேர்த்து ஒரு குடும்பம் நடத்துகிறாள்.

ஆஸ்டினுக்கே இது நடந்தது. 1802 டிசம்பரில், 27 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, பெரிய எஸ்டேட்டின் வாரிசு ஒருவர் அவரைப் பெண் கேட்டார். மாலையில் சம்மதம் சொன்ன ஆஸ்டின் மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். 1805இல் அப்பா இறந்த பிறகு அவரும் அம்மாவும் அக்காவும் பெருமளவு சகோதரர்கள் தந்ததை நம்பித்தான் இருந்தார்கள். ஷார்லட்டுக்கும் 27 என்று எழுதியபோது அந்த இரவு நினைவுக்கு வந்திருக்காதா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, கல்யாணம் ஆகிவிட்டால்? ஆஸ்டின் பெரும்பாலும் அதோடு கதையை முடித்துவிடுவார். அதற்கு அப்புறம் நடப்பதை எழுதியவர் ஆன் பிரான்டி, ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ (1848) நாவலில். ஹெலன் விரும்பிக் கட்டிக்கொண்டவன் குடிகாரன், சின்னப் பையனுக்கும் குடியைப் பழக்குகிறான். ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்று அவள் ரகசியமாகத் தயாராகிறாள். அவளுடைய டைரியை அவன் பிடுங்கிப் படித்துவிட்டு, தூரிகை, வண்ணம் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான், பணத்தையும் எடுத்துக்கொள்கிறான். அன்றைய சட்டப்படி அது திருட்டு ஆகாது. மனைவி சம்பாதித்தது கணவனுடையது, பிள்ளையும் அப்பாவுக்கே. பணக்கார வீடுகள் வக்கீலை வைத்து, சொத்து அவளுக்கே என்று பெண் பேரில் தனிப் பத்திரம் எழுதிக்கொண்டன, மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. சம்பாத்தியம் மனைவியின் கைக்கு வந்தது 1870 சட்டத்தில், சொத்து முழுவதும் 1882 சட்டத்தில். அதனால்தான் ‘ஜேன் ஐர்’ முடிவு எனக்குக் கொஞ்சம் நெருடும். சித்தப்பா சொத்தில் தன் பங்கு 5,000 பவுண்டோடு, இனி யாரையும் அண்டி இல்லை என்று ஜேன் திரும்பி வருகிறாள். தனிப் பத்திரம் இல்லையென்றால் கல்யாணத்தன்று அதுவும் அவள் கட்டிக்கொள்ளும் ராச்செஸ்டர் கைக்குப் போய்விடும். நாவல் அதைப் பேசாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் நிலம் வைத்திருந்த, ஓரளவு வசதியான வீட்டுப் பெண்களின் கதை. அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டிய பெண்களுக்கு வேலை நிறையவே இருந்தது, நாவலில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பெயர், இரண்டு வரி.

முழு நாவலுக்கு நேரமில்லை என்றால், ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் 19, 22, 30 அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். காலின்ஸ் பெண் கேட்பது, ஷார்லட் சரி சொல்வது, அப்புறம் அந்தப் பின்கட்டு அறை. டார்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.