நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு வாடகை வீடு

நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வந்து மூன்று வாரமாகிறது என்று எழுதியிருந்தீர்கள், தங்கையே. ஐலண்ட் பேயில் கடலோரம் வாடகை வீடு அமைந்திருக்கிறது, ஆனால் தெருவின் குறுக்கே சுனாமி எல்லையாகத் தீட்டியிருக்கும் நீலக் கோட்டைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது, சுனாமி வந்தால் முன்கூட்டியே சங்கு ஊதுவார்கள்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

வீட்டை எடுங்கள். நானும் இந்தப் பகுதியில்தான் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். ஆனால் சங்குக்காகக் காத்திருக்காதீர்கள்.

2004-இல் சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தபோது, நம் கரைகளை அலை வந்தடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று இன்றும் மனம் ஆறவில்லை. நம்மவர்கள் எச்சரிக்கையை எதிர்பார்ப்பது அதனால்தான். இங்கே நிலைமை வேறு. வட தீவின் கிழக்குக் கரைக்கு அப்பால், பூமியின் மேலோட்டைத் தாங்கும் பாறைத் தட்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு ஹிகுராங்கி என்று பெயர். இரு தட்டுகளும் பற்றிக்கொண்டிருக்கும் இடங்களில் மேல்தட்டின் விளிம்பு ஆண்டுக்கணக்காக உள்ளிழுக்கப்பட்டு வளைகிறது. பிடி விட்டால் அது சடாரென்று நிமிரும், மேலிருக்கும் கடலையும் தூக்கிவிடும். அது நம் வாசலிலேயே இருப்பதால், நில அதிர்வு நின்ற சில நிமிடங்களிலேயே முதல் அலை வரக்கூடும்.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். படுக்கையறை அலமாரியின் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. ஆட்டம் நிற்கவே இல்லை. வெளியே வந்தால், எதிர்வீட்டு மூதாட்டி டார்ச்சும் கம்பளிக் கோட்டுமாக வாசலில் தயாராக நின்றார். "மேலே போவோம்" என்றார், அவ்வளவுதான். நாங்கள் மேட்டில் நிற்கையில், சுனாமி ஆபத்து இல்லை என்று முதலில் செய்தி வந்தது. பிறகு எச்சரிக்கையாக மாற்றினார்கள். அதற்குள் தெற்கே, தென் தீவின் கரையோர ஊரான கைக்கூராவை அலை தொட்டுவிட்டது. 7.8 அளவுள்ள அந்த நடுக்கத்தில் 20-க்கும் மேற்பட்ட நிலப்பிளவுகள் ஒன்றையொன்று தூண்டி நகர்ந்தன. அவற்றில் நீடில்ஸ் என்ற பிளவு கடலுக்கு அடியில் இருக்கிறது. கைக்கூராவுக்கு அருகே கூஸ் பேயில் தண்ணீர் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் வரை ஏறியிருந்தது. கைக்கூராக் கரையில் கடற்பாசி படர்ந்த பாறைகள் மேலே தூக்கப்பட்டு வெயிலில் காய்ந்ததைப் பின்னர் நேரில் பார்த்தேன். நிலம் அப்படி எழும்பினால் தண்ணீர் எங்கே போகும்?

ஆனால் என்னை அதிகம் அச்சுறுத்துவது பலத்த ஆட்டம் அல்ல. 1947 மார்ச்சில் வட தீவின் கிழக்குக் கரையிலுள்ள கிஸ்போர்னுக்கு அருகே வந்த நடுக்கத்தைக் கரையில் இருந்தவர்கள் பெரிதாக எண்ணவில்லை. அரை மணி நேரத்தில் சில இடங்களில் 10 மீட்டர் அளவுக்கு நீர் ஏறியது. பிளவு கடலடியில் மெதுவாக நகரும்போது கட்டடங்களை உலுக்குவது குறைவு, தண்ணீரைத் தள்ளுவதோ அதிகம். அன்று கரையோரம் ஆள் நடமாட்டம் குறைவு, உயிர்ச்சேதம் இல்லை. கோடை விடுமுறையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஆகவே, ஆடும்போது தரையில் தாழ்ந்து மேசைக்கு அடியில் பதுங்கி, விநாடிகளை எண்ணுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நிற்க முடியாத அளவுக்கு ஆடினால், நின்றதும் கிளம்பிவிடுங்கள். லேசான ஆட்டமாக இருந்தாலும் நீண்டால் நீண்டதுதான். காரை எடுக்காதீர்கள், தெரு அடைத்துக்கொள்ளும். கைப்பேசி எச்சரிக்கை தூரத்து நடுக்கங்களுக்கு உதவும்: 2021 மார்ச்சில் கெர்மடெக் தீவுகளருகே 8.1 அளவில் வந்தபோது, வடக்குக் கரையில் பலர் அதைப் பார்த்துத்தான் மேடேறினார்கள்.

அந்த நீலக் கோடு ஆபத்தின் அடையாளம் அல்ல, தங்கையே. அதைத் தாண்டிவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தம். குடிபோன முதல் வாரமே, இருட்டிய பிறகு, பையனைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து அந்தக் கோடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.