மருந்து இருக்கட்டும், அருகில் அமர்பவர் யார்?

கேள்வி: நான் மெல்பர்னில் வசிக்கும் தன்பாலீர்ப்பாளன், வயது 38. பத்தொன்பது வயதில் என்னை 'மாற்றுவதற்காக' வீட்டார் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அங்கு நடந்தவை இன்றும் கனவில் வந்து உலுக்குகின்றன. இங்குள்ள மனநல மருத்துவர் எம்.டி.எம்.ஏ. (போதைப்பொருளாக 'எக்ஸ்டசி' என்று அறியப்படுவது) மருந்துடன் கூடிய உளச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். மனம் இளகிக் கிடக்கும் நேரத்தில் மீண்டும் யாரேனும் என்னை மாற்ற முயன்றால்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அச்சம் வீண் அச்சமன்று. தன்பாலீர்ப்பை நோயெனக் கருதிய காலத்தில், அதைப் 'போக்குவதற்கு' எல்.எஸ்.டி. என்னும் மாயக்காட்சி மருந்தைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்களும் இருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான்.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் எம்.டி.எம்.ஏ.வைப் பரிந்துரைக்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ, மேலும் ஓர் ஆய்வு தேவை என்று கூறி 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்துவிட்டது. ஆகவே இதைக் கைகண்ட மருந்தாக எண்ணிவிட வேண்டாம்.

எம்.டி.எம்.ஏ. அச்சத்தைத் தணித்து, எதிரில் இருப்பவர்மீது நம்பிக்கையைப் பெருக்குகிறது. பழைய காயத்தை நெருங்கிப் பார்க்க உதவும் அதே இளக்கத்தால், அப்போது காதில் விழும் ஒரு சொல்லும் ஆழமாகப் பதியக்கூடும். எனவே, ஆயத்தச் சந்திப்புகளிலேயே சிகிச்சையாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மருந்தின் தாக்கத்தில் நான் ஒரு பெண்ணை மணந்து வாழ்வதாகக் காட்சி கண்டால், அதற்கு நீங்கள் என்ன பொருள் சொல்வீர்கள்?" "நான் பொருள் சொல்லமாட்டேன், உங்களுக்கு அது என்னவாகப் படுகிறது என்றுதான் கேட்பேன்" என்ற வகையில் பதில் வந்தால் மேலே பேசலாம். "உள்மனம் உண்மையைக் காட்டுகிறது" என்பவரிடம் விடைபெற்றுக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

இம்மருந்து குறித்த ஆய்வுகளில், சிகிச்சையாளர்களாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக அமர்வதே வழக்கமாக இருந்தது. தாய் தந்தையே கைபிடித்து அந்த மருத்துவரிடம் கொண்டுபோன உங்களுக்கு, அந்த இணை எதை நினைவூட்டும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். வேறு இணையைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தொடுதலைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் முடிவுசெய்யுங்கள்: கையைப் பிடிக்கலாமா, தோளைத் தொடலாமா, எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே விலக வேண்டும் என்பது வரை. மருந்தின் தாக்கத்தில் நீங்கள் தரும் புதிய சம்மதம் செல்லாது என்பதும் அதில் இருக்கட்டும். 2015இல் கனடாவில் நடந்த ஓர் எம்.டி.எம்.ஏ. ஆய்வில் சிகிச்சையாளர்கள் எல்லை மீறியதற்கு வீடியோப் பதிவே சாட்சியாயிற்று. உங்கள் அமர்வு பதிவாகுமா என்றும் கேளுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில், எய்ட்ஸ் கொள்ளைநோயிலிருந்து தப்பிப் பிழைத்த, தம்மைத் தன்பாலீர்ப்பாளர்களாக அடையாளப்படுத்திக்கொண்ட 18 ஆண்களுக்கு, சிலவகைக் காளான்களில் உள்ள மாயக்காட்சிப் பொருளான சைலோசைபினுடன் குழுச்சிகிச்சை அளித்தார்கள். அதன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆயினும் ஒரே வாழ்வைக் கடந்து வந்தவர்கள் சேர்ந்து அமர்ந்ததால், அங்கு எவரும் தம்மை விளக்கிச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் போன்றவை எம்.டி.எம்.ஏ.வின் அளவை இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். மனச்சோர்வுக்கான மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது.