கட்டபொம்மன் படத்தைப் பாதியில் நிறுத்திய மகனுக்கு

வணக்கம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை அரை மணி நேரத்திலேயே மகன் நிறுத்திவிட்டான், "ஏன் எல்லோரும் கத்துகிறார்கள், இது எங்கள் கதையே இல்லையே" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கைவிடாதீர்கள்.

அந்த உரத்த குரலுக்குக் காரணம் உண்டு. 1959இல் வெளிவந்த படம் அது. சிவாஜி கணேசன் மேடையில் நடித்த நாடகத்திலிருந்து பிறந்தது. கடைசி வரிசைவரை எட்ட வேண்டிய குரல். நாடகம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியே உட்காரவையுங்கள். கைபேசியில் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் என்பதால் இரண்டு இரவுகளாகப் பிரிக்கலாம். ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியில் மட்டும் நிறுத்தவே கூடாது.

"எங்கள் கதை இல்லை" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டபொம்மனிடம் வரி கேட்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரரிடமிருந்து) கொழும்பைப் பிடித்தது. மதராஸ் அதிகாரிகளை அனுப்பி இங்கே இலங்கையிலும் வரி விதித்தது, தென்னை மரத்துக்குக்கூட! 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799இல். கொழும்புக் கோட்டையில் உள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தருகே நிறுத்தி இதை மகனிடம் சொல்லுங்கள், பிறகு படத்தைப் போடுங்கள்.

ஒன்று மட்டும்: மக்கள் பேச்சில் காட்டிக்கொடுத்த பழி முழுவதும் எட்டப்பன் மீதே நிற்கிறது. கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான். படம் முடிந்ததும் அதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.