செயலிச் சோதனை: வன்னியிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் கைபேசிச் செயலி எழுதிவரும் இளையோர், தானியக்கச் சோதனை (செயலி சரியாக இயங்குகிறதா என்று நிரலைக் கொண்டே சரிபார்ப்பது) குறித்துக் கேட்டவற்றுக்கு, இத்தொழிலில் உள்ள ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவர்): சேர், கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்காக நெல் கொள்வனவுச் செயலி ஒன்றை எழுதுகிறோம். காலபோக அறுவடைக்கு முன் முடிக்க வேண்டும். அலகுச் சோதனை (நிரலின் சிறு பகுதியைத் தனியே சரிபார்ப்பது), இடைமுகச் சோதனை (பயனரைப் போலத் திரையைத் தொட்டுச் சரிபார்ப்பது) ஆகிய இரண்டில் எதில் தொடங்குவது?

பதில்: அலகுச் சோதனையில், அதுவும் கணக்கில் தொடங்குங்கள். மூடைகளின் நிறை, ஈரப்பதன், விலை ஆகிய மூன்றையும் வாங்கி, கமக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைச் சொல்லும் பகுதியைத் திரையிலிருந்து முற்றாகப் பிரித்து எழுதினால், அதற்கான ஜேயூனிற் (அலகுச் சோதனைக் கருவி) சோதனைகளுக்குக் கைபேசியும் வேண்டாம், கணினியில் கைபேசியைப் போல இயங்கும் இமியுலேற்றரும் வேண்டாம். சாதாரண மடிக்கணினியிலேயே நூற்றுக்கணக்கான சோதனைகள் சில நொடிகளில் ஓடி முடிந்துவிடும்.

14 சதவீத ஈரப்பதனை நியமமாகக் கொண்டு உலர்நிறை முறையில் (நீரை நீக்கிய நிறையை வைத்து) கழிப்பதாயின், 18 சதவீத ஈரப்பதனுள்ள 1000 கிலோ நெல்லுக்கு 1000 × 82 ÷ 86, அதாவது 953.49 கிலோ என்று கணக்கு வரும். இந்த ஒரு விடையைச் சரிபார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பிழைகள் பெரும்பாலும் ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். ஈரப்பதன் சரியாக 14 என்றால் எதுவும் கழியக் கூடாது. 12 என்றால் இதே சூத்திரம் 1023.26 கிலோ என்று சொல்லும். அதாவது தராசில் ஏறாத நெல்லுக்கும் சங்கம் பணம் கொடுக்க நேரும். சங்கம் அதற்கு உடன்படுமா என்பதை நிரல் எழுதுபவர் ஊகிக்கக் கூடாது. முகாமையாளரிடம் கேட்டு, அவர் சொல்லும் விதியையே அந்தச் சோதனையின் பெயராக எழுதி வையுங்கள். என் பார்வையில் அலகுச் சோதனையின் பெரிய பயன் இதுதான்: எவரும் கேட்காமல் விட்ட கேள்வியை அறுவடைக்கு முன்பே கேட்க வைக்கிறது. வெறுமையாக விடப்பட்ட பெட்டி, 100க்கு மேற்பட்ட ஈரப்பதன் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு சோதனை எழுதுங்கள். பணத்தைத் தசம எண்ணாக வைக்காமல், சதங்களில் முழு எண்ணாக வையுங்கள்.

இந்தச் சோதனைகள் தேறிய பின்னர், கமக்காரரைத் தெரிவுசெய்வது முதல் பற்றுச்சீட்டு வருவது வரையான ஒரே பாதைக்கு இடைமுகச் சோதனை எழுதினால், முதல் போகத்துக்குப் போதும்.

கேள்வி (வவுனியா, பல்கலைக்கழக மாணவி): ஊர்ப் பெயர்த் தேடலுக்கான சோதனையில், எதிர்பார்த்தது "கிளிநொச்சி", கிடைத்தது "கிளிநொச்சி" என்று காட்டிவிட்டுத் தோல்வி என்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: திரையில் ஒன்றுதான். ஆனால் "நொ" என்பதை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: நகரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைப்பது மற்றது. முதல் விதத்தில் இந்த ஊர்ப் பெயரின் நீளம், அண்ட்ரொய்ட் செயலி எழுதும் மொழியான கோட்லினில் 10, இரண்டாவதில் 11. கோட்லின் இரண்டையும் வெவ்வேறு சொற்களாகவே ஒப்பிடும். ஐபோன் செயலி எழுதும் ஸ்விஃப்ட் மொழியோ இரண்டையும் சமமாகக் கொண்டு, எப்படிச் சேமித்தாலும் 5 எழுத்து என்றே எண்ணும். ஆகவே ஐபோனில் தேறுகின்ற அதே சோதனை அண்ட்ரொய்டில் விழக்கூடும். தரவு உள்ளே வரும்போதும் தேடும்போதும் எழுத்துத் தொடரை என்எஃப்சி வடிவுக்கு (கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் யுனிகோட் வடிவம்) மாற்றுங்கள்; இரண்டு வடிவங்களையும் கொடுத்துப் பார்க்கும் அலகுச் சோதனை ஒன்றையும் நிரந்தரமாக வைத்திருங்கள். பெயர்ப் பெட்டிக்கு 20 என்று நீள எல்லை வைத்திருந்தால் அதையும் மீண்டும் பாருங்கள்: தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவது அங்கேதான்.

கேள்வி (மாங்குளம்): அண்ணா, எஸ்பிரெஸ்ஸோ (அண்ட்ரொய்ட் இடைமுகச் சோதனைக் கருவி) சோதனைகள் ஒருமுறை தேறுகின்றன, மறுமுறை விழுகின்றன. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஐந்து நொடி காத்திருக்க வைத்தும் சரிவரவில்லை.

பதில்: அந்த ஐந்து நொடிகளை முதலில் எடுத்துவிடுங்கள், வேகமான நாளில் அது வீண், சிக்னல் விழுந்த நாளில் அதுவும் போதாது. எஸ்பிரெஸ்ஸோ, திரையை வரையும் முதன்மை இழையின் வேலை ஓயும்வரை தானாகவே காத்திருக்கும். பின்னணியில் நீங்கள் ஓடவிட்ட தரவிறக்கம் அதற்குத் தெரியாது. பின்னணி வேலை முடிந்ததா என்று அதற்குச் சொல்லும் ஐடிலிங் ரிசோர்ஸ் மூலம் நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். சோதனைக் கைபேசியில் டெவலப்பர் தெரிவுகளுக்குள் சென்று, அங்குள்ள மூன்று அனிமேஷன் அளவுகளையும் அணைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான சேவையகத்தைத் தொடாதீர்கள்: மொக்வெப்சேர்வர் போன்ற போலிச் சேவையகம் ஒன்று சோதனை ஓடும் கைபேசிக்குள்ளிருந்தே பதிலளித்தால், மாங்குளத்தில் அன்று சிக்னல் எப்படி இருந்தாலும் முடிவு மாறாது. சிக்னல் இல்லாத நிலையையும் அதே கருவியால் வேண்டுமென்றே உண்டாக்கி, பதிவு கைபேசியிலேயே பத்திரமாக நிற்கிறதா என்று பார்க்கலாம். நம் பகுதிக்கு எழுதும் செயலியில் அந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

பொத்தானை அதன் மேலுள்ள சொல்லால் தேடாதீர்கள். பயனர் மொழியைச் சிங்களத்துக்கு மாற்றினால் சோதனை விழுந்துவிடும். கொம்போஸில் (அண்ட்ரொய்ட் திரைகளை எழுதும் கருவித்தொகுதி) எழுதுபவராயின் ரெஸ்ற்ராக் (சோதனைக்கான அடையாளப் பெயர்) ஒன்றைக் கொடுத்து அதனால் தேடுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): மீன் கொள்வனவுச் செயலியில், விடிய 4.30க்குக் கரைக்கு வந்த மீன் முதல் நாள் கணக்கில் ஏறிவிட்டதாகச் சம்மாட்டி ஒருவர் குறைப்பட்டார். பகலில் நாங்கள் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

பதில்: சேவையகம் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் திகதியைக் கணிக்கிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அங்கே இன்னும் நேற்றுத்தான். கொள்வனவுத் திகதியை இலங்கை நேர வலயத்தில் கணியுங்கள். நிரலுக்குள் நேரடியாக "இப்போது மணி என்ன" என்று கேட்காமல், கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்தால், சோதனையில் அதை 4.30இலேயே நிறுத்தி வைக்கலாம். 5.29, 5.30 இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள்.

கேள்வி (மல்லாவி): எங்களிடம் மாக் கணினி இல்லை. ஐபோன் இடைமுகச் சோதனைக்கு வழி உண்டா?

பதில்: ஐபோன் செயலியைக் கட்டும் எக்ஸ்கோட் மாக்கில் மட்டுமே ஓடும். இணையவழியில் நிரலை ஓடவிடும் சேவையான கிற்ஹப் அக்ஷன்ஸில் மாக் இயந்திரத்தைத் தெரிவுசெய்து அங்கே ஓடவிடலாம். ஃபிளட்டரில் (ஒரே நிரலால் இருவகைக் கைபேசிக்கும் செயலி எழுதும் கருவி) எழுதுகிறீர்கள் என்றால், திரைக் கூறுகளைத் தனியே பார்க்கும் விட்ஜெற் சோதனைகள் எந்த மடிக்கணினியிலும் ஓடும். மாக்கை வெளியீட்டுக்கு முந்திய ஓட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): 90 சதவீதக் கவரேஜ் (சோதனைகளில் ஓடிய நிரல் வரிகளின் விகிதம்) காட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். அது நல்ல அளவுகோலா?

பதில்: எந்த வரிகள் ஓடின என்பதைத்தான் அந்த எண் சொல்லும், விடை சரியா என்று எவராவது பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. ஒப்பீடே இல்லாத சோதனையும் கவரேஜை ஏற்றும். ஈரப்பதன் 14ஐவிடக் கூடினால் கழி என்ற வரியை, 14ஐவிடக் குறைந்தால் கழி என்று வேண்டுமென்றே மாற்றிவிட்டு ஓடவிடுங்கள். ஒரு சோதனையும் விழவில்லை என்றால், 90 என்ன, 100 காட்டினாலும் அந்த வரி இன்னும் சோதிக்கப்படவில்லை.