சொந்த டிராக்டரை விவசாயியே பழுது பார்க்கச் சட்டம் தடையா?

அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்படும் பிரச்சினை இது. பொருளை வாங்கியவர் அதைத் தானே சரிசெய்யவோ, விருப்பமான மெக்கானிக்கிடம் கொடுக்கவோ முடிய வேண்டும் என்பதே 'பழுது பார்க்கும் உரிமை'.

இன்றைய டிராக்டரில் எஞ்சினைக் கவனிப்பது மென்பொருள். ஒரு சென்சார் பழுதானாலே வண்டி வேகம் குறைந்து நின்றுவிடலாம். புதுப் பாகத்தை மாட்டினாலும், சிலவற்றை நிறுவனத்தின் மென்பொருள் ஏற்றுக்கொண்டால்தான் வேலை செய்யும். அந்த மென்பொருள் நீண்ட காலம் டீலரிடம் மட்டுமே இருந்தது. அறுவடை நேரத்தில் அவர் வரும்வரை காத்திருப்பது எவ்வளவு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டை விற்றுவிட்டு, மெயின் சுவிட்ச் இருக்கும் அறைச் சாவியை மட்டும் விற்றவரே வைத்துக்கொள்வது போலத்தான்.

சரி, இந்த மென்பொருள் பூட்டை உடைத்தால்? அங்கேதான் சட்டம் வருகிறது. டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதை 1998-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கிறது. திரைப்படம், இசைத் திருட்டைத் தடுக்க வந்த சட்டம் டிராக்டரையும் பிடித்துக்கொண்டது! 2015-இல் பழுது பார்ப்புக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பூட்டை உடைக்கும் கருவியை விற்க அனுமதி இல்லை. விவசாயி அதை எங்கே வாங்குவார்? அதனால்தான் கொலராடோ மாநிலம் 2023-இல் தனிச் சட்டமே இயற்றி, உதிரிபாகம், கையேடு, மென்பொருள் ஆகியவற்றை விவசாயிகளுக்கும் தர வேண்டும் என்றது.

இந்த உரிமை வந்தால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கழற்றிவிடலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். அது அப்போதும் சட்டவிரோதம்தான்.