மின்னுவதெல்லாம் பைரைட்டும் அல்ல

கே: போர் போட்டபோது வந்த மண்ணில் மஞ்சளாக மின்னும் துணுக்குகள். தங்கமா? படம் இணைத்துள்ளேன். (கீழக்கரை)

ப: எத்தனை அடியில் வந்தது, களியா மணலா, ஒன்றும் எழுதவில்லை. படத்தைப் பார்த்து ஜோசியம்தான் சொல்ல முடியும். டைல்ஸின் சொரசொரப்பான அடிப்பக்கத்தில் உரசுங்கள். மஞ்சள் கோடு விழுந்தால் நகைக்கடைக்குப் போங்கள். பச்சை கலந்த கறுப்பு என்றால் பைரைட்; இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம்போல் மின்னும் கனிமம். சுத்தியலால் தட்டினால் தங்கம் தட்டையாகும், இது பொடியாகும். அடுப்பில் போட்டுச் சோதிக்காதீர்கள்; கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும்.

கே: அரியமான் மணலில் பொன்னிறச் செதில்கள்?

ப: காக்காப்பொன்னாக (மைக்கா) இருக்கும். நகத்தால் இதழ் இதழாக உரிகிறதா பாருங்கள். பைரைட் கத்திக்கே மசியாது.

கே: புதிதாக வெட்டிய இறால் குளம். மழைக்குப் பின் தண்ணீர் புளிக்கிறது, ஓரமெல்லாம் துருநிறம். பக்கத்துப் பண்ணைக்காரர் எதையோ கலந்துவிட்டாரா? (தொண்டி)

ப: வாயில் வைத்தா பார்த்தீர்கள்? புளிப்பை அளக்கும் பி.எச். தாள் என்ன விலை விற்கிறது! பக்கத்துக்காரரைச் சந்தேகிக்கும் முன் உங்கள் கரையைப் பாருங்கள். வெட்டும்போது கறுப்புக் களி வந்ததா, அழுகிய முட்டை நாற்றம் அடித்ததா? அதை அப்படியே கரையில் குவித்திருப்பீர்கள். வருடக்கணக்காக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் என்ற கந்தக உப்பு உண்டு. காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா அதை சல்ஃபைடாக்கும். அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பைரைட் மணிகளாகும். அலையாத்தி வேரடியில் நடப்பது இதுதான். தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது பரம சாது. வெட்டிக் காயப்போட்டால் காற்றும் ஈரமும் சேர்ந்து கந்தக அமிலமாக்கும். முதல் மழை அதைக் குளத்தில் இறக்கும். பி.எச். குறையக் குறைய அமிலம் அதிகம்; 4-க்குக் கீழே போனால் இறால் தங்காது. கரைமண்ணில் வைக்கோல் நிறப் புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போதைக்கு, கடல்நீர் விட்டு வடித்து, விட்டு வடித்து, நாலைந்து தடவை அலசுங்கள். அப்புறம் குளத்துக்கும் கரைக்கும் சுண்ணாம்பு. அடுத்த குளத்துக்கு பொக்லைனைக் கூப்பிடும் முன் ஒரு கைப்பிடி மண்ணை ஈரமாகவே, காற்றுப்பட 2 மாதம் வைத்து, புளிப்பு ஏறுகிறதா என்று பி.எச். தாளில் பாருங்கள்.

கே: பைரைட்டிலிருந்து இரும்பு எடுக்கலாமே?

ப: எடையில் பாதிக்கு மேல் கந்தகம். பீகாரின் அம்ஜோரில் வெட்டியதும் கந்தகத்துக்காகத்தான்.

கே: அலமாரியில் வைத்த பைரைட் கல் உதிர்கிறது, மேலே வெள்ளைப் பொடி. (மண்டபம்)

ப: நம் ஊர் ஈரக்காற்று செய்யும் வேலை. சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், அமிலம் அதையும் அரிக்கும். முக்கியமாக, தண்ணீரில் கழுவாதீர்கள்.