சொல் கேளுங்கள்: கரை உடைந்ததா, வெட்டினார்களா?

கேள்வி: அம்மா, ஆங்கிலச் செய்தித்தாளில் ஆற்றுக்கரைக்கும் 'பிரீச்', ஒப்பந்தத்துக்கும் 'பிரீச்', நம்பிக்கைக்கும் 'பிரீச்' என்று போடுகிறார்கள். இத்தனைக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச்சொல் எது?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: அப்படி ஒரு சொல் இல்லை தம்பி. இல்லாததே நல்லது என்பேன்.

'பிரீச்' என்பது 'பிரேக்' என்ற சொல்லுக்கு உறவு. உடைவதையும் குறிக்கும், உடைந்த இடத்தில் விழுகிற வாயையும் குறிக்கும். பழைய பம்பாயில் தீவுகளுக்கு நடுவே கடல் புகுந்த இடைவெளிக்குக்கூட 'கிரேட் பிரீச்' என்றுதான் பெயர். 18-ஆம் நூற்றாண்டில் ஹார்ன்பி வெல்லார்ட் என்ற கரையைப் போட்டு அதை அடைத்தார்கள். சட்டம், சத்தியம், சமாதானம் எல்லாவற்றுக்கும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

நம் ஊரில் இந்தச் சொல்லைக் கரையிலிருந்துதான் தொடங்கவேண்டும். என் அப்பா அரசலாற்றில் லஸ்கராக, அதாவது ஆற்றுக்கரையைக் காக்கும் ஊழியராக, இருந்தவர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கரை தொட்டு ஓடும் ராத்திரிகளில் அரிக்கேன் விளக்கோடு கரையிலேயே நடப்பார். ஒருநாள் நானும் கூடப் போனேன். வயல் பக்கச் சரிவில் ஒரு நண்டு வளையிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து அதை உள்ளங்கையில் ஏந்தி, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தெளிவாக வந்தால் வெறும் கசிவு, காலையில் பார்த்துக்கொள்ளலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்று கலங்கல். "ஓடு, ஆள் கூட்டிட்டு வா" என்றார். ஆற்றுப் பக்கத்தில் வளையின் வாய் எங்கே என்று தேடி, சவுக்குக் கட்டை அடித்து, வைக்கோலும் மணல் மூட்டையும் போட்டு, விடிவதற்குள் அடைத்துவிட்டார்கள்.

அடைக்காமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'கரை உடைந்தது' என்போம். 'ஆறு உடைப்பெடுத்துக்கொண்டது' என்போம். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் நாற்றைக் காப்பாற்ற ராத்திரியில் மண்வெட்டியோடு வந்திருந்தால், 'கரையை வெட்டிவிட்டார்கள்' என்போம். மூன்றுமே ஆங்கிலத்தில் 'பிரீச்'. தமிழில் வாயைத் திறக்கும்போதே, தானாக ஆனதா, ஆறு செய்ததா, ஆள் செய்ததா என்று சொல்லியாகவேண்டும்.

இதை நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாய்க்கால் வழக்கில் சாட்சி சொன்ன பெரியவர், "கரையை வெட்டி விட்டுட்டாங்கய்யா" என்றார். நான் ஆங்கிலத்தில் 'பிரீச் ஏற்பட்டது' என்று எழுதிவிட்டேன். அவர் விரல் நீட்டிச் சொன்ன குற்றம் என் ஒரு வரியில் மழைமேல் போய்விட்டது. அவருடைய வக்கீல் கவனித்து எழுந்து நின்றதால் 'வெட்டினார்கள்' என்று திருத்தப்பட்டது. கவனிக்காமல் இருந்திருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் 'உடைப்பு ஏற்பட்டது' என்று யாராவது எழுதினால், யாரால் என்று உடனே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

இன்னொன்று. கட்டுமானம் விழுவதற்கு 'உடைப்பு' சரிவராது. 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் வெள்ளத்தோடு போயின. அது இடிந்து விழுந்தது. 'உடைப்பு' மண்கரைக்கு உரிய சொல்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். 'ஒப்பந்த முறிவு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. முறிந்தது என்றால் தீர்ந்துபோனது என்று தொனிக்கிறது. அறுவடை மெஷின்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சொன்ன நாளில் வரவில்லை, நான்கு நாள் கழித்து வருகிறார், அதற்குள் நெல் சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். அவர் சொன்ன சொல் தவறினார். ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கலாம், அவர் வந்து அறுக்கலாம், நஷ்டத்தை மட்டும் நீங்கள் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு அந்த நஷ்டத்தைப் பற்றித்தான் பேசுகிறது. இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு, எங்கோ சுற்றிவளைத்து வந்ததற்கு இல்லை. ஆகவே 'ஒப்பந்த மீறல்' என்றே எழுதுங்கள். சட்டமன்றத்தில் 'உரிமை மீறல்' என்பதும் இதே வார்ப்பு, அது நன்றாகவே நிலைத்துவிட்டது.

'நம்பிக்கை மோசடி' என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். முதலிலேயே பொய் சொல்லிப் பணம் பறித்தால் அது ஏமாற்று. பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி நீங்களே மனமறிந்து கொடுத்த நகையை அடகு வைத்துத் தின்றால்தான் இது. பழைய தண்டனைச் சட்டத்தில் 405, 406. இப்போது அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 316.

கேள்வி: வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பக்கத்து வயல்காரருக்கும் எனக்கும் வாய்த்தகராறு. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் 'பிரீச் ஆஃப் பீஸ்' என்று இருப்பதாகப் பையன் படித்துச் சொன்னான். நான் எதை உடைத்தேன்?
– விவசாயி, வலங்கைமான்

பதில்: ஐயா, நீங்கள் ஒன்றையும் உடைக்கவில்லை. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இது தண்டனை நோட்டீஸ் அல்ல. இரண்டு பேரும் மண்வெட்டியைத் தூக்கிவிடுவீர்களோ, அமைதி கெட்டுவிடுமோ என்று முன்கூட்டியே பார்க்கிற நடவடிக்கை. 'பொது அமைதிக்குப் பங்கம்' என்று தமிழில் எழுதுவார்கள்.

நோட்டீஸில் பிரிவு எண் என்ன போட்டிருக்கிறது என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்கள் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளவை, அடைப்பில் இருப்பவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தவை. 126 என்றால் (முன்பு 107), ஓராண்டு வரை அமைதி காப்பேன் என்று பிணைப்பத்திரம் ஏன் எழுதி வாங்கக் கூடாது என்று கேட்கிறார்கள். 164 என்றால் (முன்பு 145), இடம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள். யாருக்குச் சொந்தம் என்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. 166 என்றால் (முன்பு 147), நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றியது. உங்கள் வாய்க்கால் இந்த மூன்றாவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குறித்த தேதியில் கட்டாயம் போய் நில்லுங்கள். கோபத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். முறைப்பாசனத்தில் எத்தனை வருடமாக எந்த மடையிலிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று எழுதி, வக்கீல் மூலம் கொடுங்கள். அதுவரைக்கும் மடைப் பக்கம் தனியாகப் போகவேண்டாம் ஐயா.

கேள்வி: 'டேட்டா பிரீச்' என்பதைத் 'தகவல் கசிவு' எனலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பாதிக்குப் பொருந்தும். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டம், தகவல் வெளியே போவதை மட்டும் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் கையாள்வதும், அழிந்து நம் கைக்கு எட்டாமல் போவதும் அதில் அடக்கம். அதனால் 'தரவுப் பாதுகாப்பு மீறல்' என்பதே முழுமை. பேச்சில் கசிவு என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: என் மகளுக்கு ஸ்கேன் எடுத்த இடத்தில் 'பிரீச்' என்று எழுதியிருக்கிறார்கள். எதுவும் உடைந்துவிட்டதா? ராத்திரி தூக்கமே இல்லை.
– தாய், திருத்துறைப்பூண்டி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது வேறு சொல். உடைப்புக்கான சொல்லில் நடுவே 'ஈ, ஏ' என்ற ஆங்கில எழுத்துகள் (ea) வரும். இதில் 'ஈ' இரண்டு முறை வரும். பிட்டம் என்று பொருள். குழந்தையின் தலை மேலேயும், பிட்டமோ காலோ கீழேயும் இருக்கிறது, அவ்வளவுதான். மாதம் ஆக ஆகப் பல குழந்தைகள் தாமாகவே திரும்பிக்கொள்ளும். திரும்பாவிட்டால் என்ன செய்வதென்று மருத்துவர் முன்னாலேயே சொல்லிவிடுவார், பரிசோதனைக்கு மட்டும் நாள் தவறாமல் போங்கள். என் அத்தையும் கால் முன்னே பிறந்தவர்தான். யாருக்காவது முதுகுப் பிடிப்பு என்றால் தெருவே அவரைத்தான் தேடி வரும், வந்து மிதித்துவிடச் சொல்லி.